உன்னதப்பாட்டு வேதத்தில் இருக்கலாம் என்றால் இது ஏன் கூடாது?

பின்வரிசைக்காரன்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சொந்தப் பெயரில் கேட்கத் தைரியம் இல்லாததால் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி எழுதுகிறேன்.

ஆறு வருடங்களாகச் சபையில் வாலிபர் வகுப்பு நடத்துகிறேன். சென்ற ஞாயிறு வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது 17 வயதுப் பையன் ஒருவன் பின்தங்கி நின்றான். ஒரு நாற்காலியை எடுத்தவன் அதை அடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, உன்னதப்பாட்டு என்ற அந்தக் காதல் பாட்டு முழுக்க உடம்பைப் பற்றித்தானே பேசுகிறது? கழுத்து, மார்பு, இடுப்பு எல்லாம் வருகிறது. அது வேதத்தில் இருக்கலாம் என்றால் போனில் ஆபாசப் படம் பார்ப்பது மட்டும் ஏன் பாவம்? இரண்டும் உடம்புதானே?"

வழக்கமான பதிலைச் சொன்னேன். மத்தேயு 5:28, இச்சையோடு பார்த்தாலே விபசாரம் என்ற வசனம். கண் சரீரத்தின் விளக்கு. எஜமானின் மனைவி இழுத்தபோது யோசேப்பு ஓடினான், நீயும் ஓடு. அவன் தலையாட்டினான். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்துத்தான் தலையாட்டினான் என்பது எனக்குப் புரிந்தது.

பதில் தெரியவில்லை என்பது ஒரு பக்கம். நானே பார்க்கிறவன் என்பது இன்னொரு பக்கம். எனக்குத் திருமணமாகி நான்கு வருடங்கள். திருமணமானால் தானாக நின்றுவிடும் என்று இருந்தேன், நிற்கவில்லை. மனைவி உறங்கிய பிறகு போனின் வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்து, திரையைச் சுவர்ப் பக்கம் சாய்த்து வைத்துக்கொள்வேன். தினமும் இல்லை. இரண்டு வாரம் நன்றாகப் போகும், மூன்றாவது வாரம் விழுவேன். காலை ஆறு மணிக்கு அதே திரையில் அன்றைய தியான வசனம் வந்து நிற்கும். அதை விரலால் ஒதுக்கித் தள்ளுகிறேனே, அந்த வேகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையனுக்கு என்ன சொல்வது? அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு அவன் முன் நிற்பது? "ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யோசேப்பின் அங்கி:

சகோதரரே, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் வகுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள். போதிக்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை என்று யாக்கோபு 3:1 சொல்கிறது. போனில் தடைச் செயலி ஒன்றைப் போட்டு, கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். படுக்கையறைக்குள் போன் வரவே கூடாது. யோசேப்பு போத்திபாரின் வீட்டில் நின்று விவாதம் செய்துகொண்டிருக்கவில்லை, அங்கியை விட்டுவிட்டு ஓடினான். அந்தப் பையனின் கேள்வி சாத்தானுடையது. "தேவன் சொன்னது உண்டோ?" என்று ஏதேனில் கேட்டவனும் இப்படித்தான் ஆரம்பித்தான்.

பழைய மெய்ப்புத்திருத்தி:

தம்பி, மேலே எழுதிய சகோதரர் போனைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, பையனைப் பற்றிச் சொன்னது முழுக்கத் தவறு. உன்னதப்பாட்டை உட்கார்ந்து வாசித்துவிட்டு, அதில் வந்த சந்தேகத்தை வாத்தியாரிடமே கேட்கிற 17 வயதுக்காரன் எத்தனை வகுப்புக்குக் கிடைப்பான்? அவனைச் சாத்தான் என்று விரட்டினால் அடுத்த கேள்வியை அவன் போனிடம்தான் கேட்பான். யோசேப்பும் வாயை மூடிக்கொண்டு ஓடியவன் அல்ல. ஆதியாகமம் 39இல் 8, 9 வசனங்களைப் பாருங்கள். என் எஜமான் என்னை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைத்திருக்கிறார், நீ அவருடைய மனைவி, தேவனுக்கு விரோதமாக நான் எப்படிப் பாவம் செய்வேன் என்று ஆற அமரக் காரணம் சொன்னான். ஓட்டம் பிறகுதான் வந்தது.

எனக்கு 61 வயது. அச்சகத்தில் 33 வருடம் மெய்ப்புத் திருத்தினேன். அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. மெய்ப்புப் பார்க்கிறவன் வாசிக்கக் கூடாது. கதையில் இறங்கிவிட்டால் பிழை தப்பிவிடும். ஒற்று மிகுந்திருக்கிறதா, றகரமா ரகரமா, மூன்று சுழி ணகரம் வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி வந்துவிட்டதா, இவ்வளவுதான் கண்ணில் பட வேண்டும். 400 பக்க நாவலை இரண்டு முறை பார்த்து அனுப்பியிருப்பேன், கதாநாயகி கடைசியில் என்ன ஆனாள் என்று யாராவது கேட்டால் விழிப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 19 வருடம் நான் பெண்களையும் அப்படித்தான் பார்த்தேன். எங்கள் காலத்தில் போன் கிடையாது, வழவழப்பான தாளில் அச்சான பத்திரிகைகள். துண்டு துண்டாகப் பார்ப்பதற்குக் கண்ணைப் பழக்கிவிட்டால், பிறகு சபையில் உட்கார்ந்திருக்கும் சகோதரியையும் அது துண்டு துண்டாகத்தான் கொண்டுவந்து கொடுக்கும். அந்தப் பெண் யார், கதை எங்கே போகிறது என்று கேட்காமலிருப்பதுதான் அந்தப் பழக்கத்தின் பாடம்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் உடம்புதான். வேதத்துக்கு உடம்பின்மேல் வெறுப்பு இல்லை. "நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்" என்பது பாவம் உலகத்துக்குள் வருவதற்கு முந்தைய வரி. விவாகம் பண்ணாதே என்று தடுக்கிறவர்களைத்தான் பவுல் 1 தீமோத்தேயு 4இல் கள்ளப்போதகர் வரிசையில் வைக்கிறார். எனவே அவனிடம் "உடம்பு அசிங்கம்" என்ற வாசனைகூட வராமல் பேசுங்கள். அவன் நம்ப மாட்டான், நம்பவும் கூடாது.

உன்னதப்பாட்டில் யார் பேசுகிறார்கள் என்று மட்டும் அவனைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். பாட்டைத் தொடங்குவது அவள். "என் நேசரே! தீவிரியும்" என்று முடிப்பதும் அவள். நடுவிலும் அவள் பேச்சுத்தான் அதிகம். நான்காம் அதிகாரத்தில் அவளை "அடைக்கப்பட்ட தோட்டம்" என்கிறான். அவன் சுவரேறிக் குதிக்கவில்லை. நான்கு வசனம் தள்ளி, என் நேசர் தம்முடைய தோட்டத்துக்கு வரட்டும் என்று அவளே அழைக்கிறாள். அதற்குப் பிறகுதான் "வந்தேன்" என்கிறான். ஐந்தாம் அதிகாரத்தில் இரவில் கதவைத் தட்டுகிறான். வஸ்திரத்தைக் கழற்றிவிட்டேன், காலைக் கழுவிவிட்டேன், இப்போது எப்படி எழுந்து வருவது என்று அவள் சிணுங்குகிறாள். கதவு உடைபடவில்லை. அவள் எழுந்து வந்து திறப்பதற்குள் அவன் போய்விட்டான்.

பையன் போனில் பார்ப்பவற்றில் கதவை மூடிக்கொள்ள முடிகிற பெண் ஒருத்தி உண்டா என்று கேளுங்கள். அவளுக்குத் தூக்கம் வராது, கால் வலிக்காது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

இன்னொன்று. அவன் பட்டியல் போட்ட உறுப்புகளை அந்தப் பாட்டு எப்படிச் சொல்கிறது பாருங்கள். பல் வரிசை மயிர் கத்தரித்துக் குளிப்பாட்டிய ஆட்டுமந்தையாம். கழுத்து தாவீதின் கோபுரமாம், ஆயிரம் கேடகங்கள் தொங்குகிறதாம். இதை வைத்து ஓர் ஓவியன் அவளை வரைந்தால் ஆடும் கோபுரமும்தான் மிஞ்சும்! (பல வருடம் இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.) அவளை அறிந்தவனுக்கு மட்டுமே அந்த உவமைகள் அவளாகத் தெரியும். மூன்றாவது ஆளுக்கு அது திரை போட்டுவிடுகிறது.

அறிந்தவன் என்றேன். "ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்" என்று வாசிக்கும்போது ஏதோ இடக்கரடக்கல் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறோம். எபிரெயத்தில் அது "யாதா". இஸ்ரவேலை மணவாட்டியாக நியமித்துக்கொண்டு "நீ கர்த்தரை அறிந்துகொள்ளுவாய்" என்று ஓசியாவில் தேவன் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். தாம்பத்தியத்துக்கும் தேவனோடு உள்ள உறவுக்கும் வேதம் ஒரே வினைச்சொல்லைக் கொடுத்திருக்கிறது. பரிசுத்தம் என்று நாம் சொல்வதை நான் அங்கிருந்துதான் புரிந்துகொண்டேன்.

இனி தாவீது ராஜா. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உப்பரிகையிலிருந்து பார்த்தான், யார் என்று விசாரிக்க ஆள் அனுப்பினான். பதில் வந்தது: ஏலியாமின் குமாரத்தி, உரியாவின் மனைவி, பெயர் பத்சேபாள். ஒரு தகப்பன், ஒரு கணவன், ஒரு பெயர். அந்த இடத்தில் அவன் நின்றிருக்கலாம். பெயர் தெரிந்த பிறகும் அழைத்துவரச் சொன்னான், அது அவன் குற்றத்தின் கனம். நம் காலத்துத் திரையில் யாரும் பெயர் சொல்லி நம்மை நிறுத்துவதில்லை. பிறகு தீர்க்கதரிசி நாத்தான் வந்து சொன்ன கதையில் காமம் என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் எடுத்துக்கொண்ட கதை. திருட்டு வழக்கு. மத்தேயு 5:28இல் இச்சை என்பதற்கு வரும் கிரேக்க வினையும், பத்தாம் கட்டளையில் பிறனுடைய வீட்டையும் மனைவியையும் "இச்சியாதிருப்பாயாக" என்பதற்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் வினையும் ஒன்றுதான். கண்ணில் பட்டதைக் கர்த்தர் குற்றமாக்கவில்லை. கொடுக்கப்படாததை எனக்கென்று எடுத்துக்கொள்ளும் நோக்கத்தோடு பார்ப்பதைச் சொன்னார். அந்தப் பேச்சில் அந்த ஸ்திரீயின் உடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் வாலிபர் வகுப்பில் சொல்லிவையுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரவு வழக்கம்போல ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்துகிறவனின் கண், இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது எதுவோ அதில்தான் போய் நிற்கும். அந்தப் பெண்ணின் குதிகாலில் ஒரு சிறிய பிளாஸ்திரி. தோல் நிறத்தில், ஓரம் கொஞ்சம் சுருண்டு. புதுச் செருப்பு கடித்திருக்கும். காலையில் எங்கோ ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, காலை மடித்துத் தூக்கி, இதை அவளே ஒட்டியிருக்கிறாள். படம் எடுத்தவனுக்கும் அச்சடித்தவனுக்கும் அது கண்ணில் படவில்லை. என் தங்கை அப்படித்தான் ஒட்டிக்கொள்வாள்.

அன்றோடு விட்டேன் என்று சாட்சி சொல்ல ஆசைதான். விடவில்லை, மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. லூக்கா ஏழில் சீமோன் வீட்டுப் பந்தியில் பாவி என்று பெயரெடுத்த ஒரு பெண் உள்ளே வந்தாள், எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கர்த்தர் அவள் பக்கமாய்த் திரும்பிக்கொண்டு சீமோனிடம் கேட்கிறார்: "இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே?" அதை வாசித்தால் எனக்கு அந்தப் பிளாஸ்திரிதான் நினைவுக்கு வருகிறது.

எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டீர்கள். சில வாரங்கள் வகுப்பை இன்னொருவர் எடுக்கட்டும், நீங்கள் கூடவே உட்காருங்கள். சபையில் வயதில் மூத்த ஒருவரிடம் நேரில், வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கே புனைபெயரில் எழுதியது அதற்கு ஈடாகாது. பையனின் தலையில் உங்கள் பாரத்தை ஏற்றாதீர்கள், அவன் உங்கள் பாவ அறிக்கையைக் கேட்க வந்தவன் அல்ல.

வழிப்போக்கன்:

நான் நம்பிக்கையாளன் அல்ல, வாசித்துக்கொண்டே வந்தேன். பெரியவர் எழுதியது நன்றாக இருந்தது. இரண்டு சந்தேகங்கள். வயதுவந்த இருவர் சம்மதித்து எடுத்த படம் என்றால் அதில் யாரிடமிருந்து என்ன திருடப்பட்டது? அடுத்தது, உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதினோராம் பதிப்பில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் "இது தவறு" என்ற ஒழுக்கத் தீர்ப்பிலிருந்து மட்டும் வரும் மன உளைச்சலை வைத்து அந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். அவருக்கு நோய் என்று ஏதாவது இருந்தால் அது குற்றவுணர்வாக இருக்கலாம் அல்லவா?

பழைய மெய்ப்புத்திருத்தி:

இரண்டாவதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். குற்றவுணர்வே அடுத்த முறைக்கு விறகாகிவிடும். விழுந்துவிட்டோம், எப்படியும் கெட்டவன்தான், இன்னொரு முறை பார்த்தால் என்ன என்று எனக்கே தோன்றியிருக்கிறது. அவரை நோயாளி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நோய் இல்லை என்பதால் சரியாகிவிட்டது என்று ஆகாது. பொய் சொல்வதும் நோய் அல்ல.

முதலாவது: சம்மதம் இருந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா? கடன் அழுத்தியதா, யாராவது மிரட்டினார்களா, அன்று சம்மதித்தவள் இன்று அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாளா, திரையின் இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அறிய வழியே இல்லை. அறிய ஆரம்பித்தால் பார்க்கவும் முடியாது. பிளாஸ்திரி கதை அதுதான்.

அங்கிச் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. பழைய சபைப் பிதா அகுஸ்தீனின் நண்பன் அலிப்பியுஸை ரோமாபுரியில் நண்பர்கள் இழுத்துக்கொண்டு வாள்சண்டை பார்க்கப் போனார்கள். பார்க்கவே மாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். கூட்டம் ஒரே குரலாக ஆர்ப்பரித்தது, திறந்துவிட்டான். அதற்குப் பிறகு மற்றவர்களை அவன் இழுத்துக்கொண்டு போனான். தடைச் செயலி மூடிய கண் மாதிரி. வேண்டும்தான். காதுக்கு என்ன செய்வது?

மார்த்தாளின் தங்கை:

தம்பி, நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் உன்னதப்பாட்டு என்பதை நாங்கள் இனிமைமிகு பாடல் என்போம். அதை விடுங்கள். "திருமணமானால் நின்றுவிடும் என்று இருந்தேன்" என்ற ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் என் கணவரும் அதையேதான் சொன்னார்.

மனைவி மருந்து அல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் மனித உடலைப் பற்றி 129 உரைகள் ஆற்றினார். 1980 அக்டோபரில் ஓர் உரையில், ஒருவன் தன் சொந்த மனைவியையே இச்சையைத் தணிக்கும் பொருளாக மட்டும் பார்த்தால் அவளோடும் உள்ளத்தில் விபசாரம் செய்தவனாகலாம் என்றார். பத்திரிகைகள் கேலி செய்தன. கட்டிய மனைவியைப் பார்ப்பதும் பாவமா என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது என் வீட்டில் நடந்தது. 1992இல் வந்த எங்கள் மறைக்கல்வி நூல் 2354ஆம் எண்ணில், இருவருக்குள் இருக்க வேண்டிய அந்தரங்கத்தைப் பிடுங்கி மூன்றாம் ஆளுக்குக் காட்டுவதே ஆபாசப் படம் என்கிறது. என் அனுபவத்தில் மூன்றாம் ஆள் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிற்பதில்லை, உள்ளேயும் வந்துவிடுகிறாள்.

நான் கண்டுபிடித்தது கணினியில் ஒரு படிவத்தை அச்செடுக்கப் போன அன்று. கண்டதைவிட, அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடும்போதெல்லாம் "இப்போது யாரோடு இருக்கிறார்?" என்று தோன்றியதே, அதுதான் என்னை அரித்தது. மூன்று வருடம் எங்கள் அறையில் விளக்கை அணைக்க நான் விடவில்லை. என் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கணவனுக்கும் தன் உடல்மேல் அதிகாரம் இல்லை, மனைவிக்கே உண்டு என்று பவுல் 1 கொரிந்தியர் 7இல் எழுதியிருக்கிறார். மனைவிக்குத் தன் உடல்மேல் அதிகாரம் இல்லை என்ற முதல் பாதியை மட்டும் வைத்து எத்தனை மறையுரை கேட்டிருப்பேன்! இரண்டாம் பாதியை எனக்கு யாரும் சொன்னதில்லை, நானேதான் தேடி வாசித்தேன்.

அவள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னென்ன பார்த்தீர்கள் என்று விவரிக்காதீர்கள், அது அவள் தலையில் தங்கிவிடும். எவ்வளவு காலமாக, இப்போது என்ன செய்கிறீர்கள், யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்பது போதும். அவளுக்கு முன்னால் நீங்கள் அழாதீர்கள். என் கணவர் அழுதார், கடைசியில் நான்தான் அவரைத் தேற்றினேன், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்று இரவே மன்னிப்புக் கேட்டு நெருக்காதீர்கள். அவர் குருவிடம் பாவ அறிக்கை செய்து ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுவிட்டு ஒரு மணி நேரத்தில் இலேசாகி வந்தார். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

பின்வரிசைக்காரன்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

சபையில் மூத்த அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். வாயிலிருந்து முதல் வாக்கியம் வர இருபது நிமிடம் ஆயிற்று, அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்த மாதம் வகுப்பை அவர் எடுக்கிறார். போன் இரவில் முன்னறையில் கிடக்கிறது. மனைவியிடம் நேற்று சொன்னேன். அக்கா சொன்னபடி அழவில்லை. அவள் எதுவும் பேசவில்லை, தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். காலையில், "அந்தப் பெரியவர் எழுதியதைக் காட்டு" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். நின்றுகொண்டே முழுவதையும் வாசித்தாள். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

பையனிடம், "போன வாரம் நான் சொன்னது பதில் அல்ல. ஐந்தாம் அதிகாரத்தை மறுபடி வாசி, கதவு யார் கையில் இருக்கிறது என்று பார்" என்றேன். இந்த ஞாயிறு அவன் வாசித்துவிட்டு வந்திருந்தான். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "கதவு அவள் கையில்தான் இருக்கிறது அண்ணா, சரி. ஆனால் அவள் திறக்கும்போது அவன் ஏன் போய்விட்டான்? கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?" என்று கேட்டான்.

எனக்கு அதற்கும் பதில் தெரியவில்லை. இந்த முறை தெரியாது என்றே சொல்லிவிட்டேன். பெரியவரே, உங்களுக்குத் தெரியுமா?